எண்ணெய் போடுற ஐயா

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். உள்ள கடகடன்னு சத்தம் போடுறது ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும்தான், பயப்படாதீங்க. எண்ணெய்க் குப்பி ஒண்ணு இருக்கு. மூடி இறுக்கமாத்தான் இருக்கு, உங்க பேன்ட்ல படாது.

இல்ல, மெக்கானிக் இல்ல. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். இருதயராஜ்னா அந்தப் பக்கம் நாலு பேருக்குத் தெரியும். இப்ப துவரங்குறிச்சியில ஒரு தையல் மிஷினைத் திரும்ப வாங்கிட்டு வரலாம்னு போனேன். வாங்கிட்டு வரல. ஏன்னு கேட்டா கொஞ்சம் பின்னாடியிலருந்து சொல்லணும். நீங்க திருச்சிதானே? அப்ப நேரம் இருக்கு.

கொஞ்சம் மெதுவாவே பேசுறேன். முன்னாடி பாருங்க, அந்த நீலச் சேலை. என் வீட்டம்மா, பிலோமினா. பஸ் சத்தத்துல அவளுக்குக் கேக்காது. இருந்தாலும் அவளுக்கு முதுகுப் பக்கத்துல ஒரு காது இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் தம்பி. எனக்கு எந்தப் பொருள் மேலயும் பற்று கிடையாது. இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும். பிலோமினாதான் அப்படி இல்ல. எல்லாத்தையும் மனசுல வச்சுக்கிட்டு வெளியில காட்டிக்காத ரகம். அதனாலதான் இவ்வளவும் நான் பாக்க வேண்டியதாப் போச்சு.

எங்களுக்கு பொன்மலைப்பட்டியில சொந்த வீடு இருந்துச்சு. கீழ ஒரு கட்டு, மாடியில ஒரு கட்டு, பின்னாடி கிணறு. ஒரே மக சில்வியா, கல்யாணம் ஆகி ஓசூர்ல இருக்கா. பிலோமிக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. மாடிப்படி ஏற முடியல, கிணத்தடிக்குப் போக முடியல. அவ்வளவு பெரிய வீட்ல அவ பொழங்குனது அடுப்படியும் முன் ரூமும்தான். மக வந்து பாத்துட்டு, "அப்பா, போதும். லிஃப்ட் இருக்கிற இடமாப் போங்க"ன்னுட்டா. கருமண்டபம் பக்கம் ஒரு ஃபிளாட். நல்ல ஃபிளாட்தான். ஆனா ஹால்ல நின்னுக்கிட்டுக் கையை நீட்டுனா அடுப்படி, காலை நீட்டுனா பாத்ரூம்.

அப்ப சாமானையெல்லாம் என்ன பண்றது? சில்வியா லீவு போட்டு வந்தா. பழைய வீட்டு ஹால்ல மூணு குவியல் போட்டா. எடுத்துட்டுப் போறது ஒண்ணு, யாருக்காவது குடுக்குறது ஒண்ணு, தூக்கிப் போடுறது ஒண்ணு. நான் அன்னைக்கே சொல்லிட்டேன், இதெல்லாம் ஒரு காலையில முடிச்சிடலாம், உங்கம்மாதான் இழுத்தடிப்பான்னு.

அதே மாதிரி இழுத்தடிச்சா. ஒவ்வொரு பொருளையும் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. பெரிய இட்லிக் குண்டான் ஒண்ணு. அதை யாருக்குக் குடுக்கிறதுன்னு ரெண்டு நாள் யோசனை. கடைசியில ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கிற ஒரு பொண்ணுக்குச் சொல்லி விட்டு, அது வந்து வாங்கிட்டுப் போச்சு. கம்பளிப் போர்வையெல்லாம் ஒரு முதியோர் இல்லத்துக்கு. பாருங்க, ஒரு குண்டானைக் குடுக்க ரெண்டு நாள். பற்றுன்னா அதுதான்.

நான் அப்படி இல்ல. என் சாமான் கொஞ்சம்தான். ஒரு பொட்டி நிறைய போல்ட் நட்டு, பழைய ஃபேன் ரெகுலேட்டர், ஒரு டிரான்சிஸ்டர், கொஞ்சம் சாவி. மக அந்தச் சாவியை எல்லாம் தூக்கிப் போடுற குவியல்ல கொட்டிட்டா. "இதுக்கெல்லாம் பூட்டு எங்கப்பா?"ன்னா. பூட்டு எங்கயாவது கிடைக்கும்மான்னேன். அவ குளிக்கப் போன நேரத்துல அதையெல்லாம் எடுத்து, எடுத்துட்டுப் போற குவியல்ல சேர்த்துட்டேன். இன்னும் ரெண்டு மூணு ஐட்டம் தப்பா விழுந்திருந்துச்சு, அதையும் திருத்தினேன். மறுநாள் பாத்தா மூணு குவியல்ல ரெண்டு குவியல் சின்னதாப் போச்சு. சில்வியா இடுப்புல கை வச்சுக்கிட்டு என்னையே பாத்தா. அவங்கம்மாவைப் பாருன்னேன். அவங்கம்மா சுவத்தைப் பாத்துட்டிருந்தா.

இப்ப தையல் மிஷின். கல்யாணமான புதுசுல வாங்குனது. கால்ல மிதிக்கிற மிஷின், கீழ இரும்புக் கால், மேல தேக்குப் பலகை. எங்க தெருவுல புதுநன்மை, அதான் கோயில்ல முதல் நற்கருணை, வாங்குன புள்ளைங்களுக்கெல்லாம் வெள்ளைக் கவுன் பிலோமி தச்சதுதான். மிஷினுக்கு எண்ணெய் போடுறது நான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் முதல் வேலை அதுதான். பெல்ட் தளர்ந்தா வெட்டி மாட்டுறது, அடிநூல் சுத்துற பாபின் பெட்டியில பஞ்சு அடைச்சா எடுக்கிறது, எல்லாம் நான். முட்டி போனதுலருந்து அவ அதுல உக்காரல. ஆனா எண்ணெய் நான் விடாமப் போட்டுட்டுதான் இருந்தேன்.

அந்த மிஷினை என்ன பண்ணலாம்னு சில்வியா கேட்ட உடனே பிலோமி சொல்றா, "ரோஸ்லினுக்குக் குடுத்துடலாம்." ரோஸ்லின் யாருன்னா, அவ அக்கா மக. மணப்பாறையில ஜாக்கெட் தச்சுக் குடுத்துட்டு இருக்கா. குண்டானுக்கு ரெண்டு நாள் யோசிச்சவ, இதுக்கு ஒரு மூச்சு கூட விடல. வண்டியில ஏத்தி அனுப்புன பிறகு பக்கத்துல போய், "அழணும்னா அழுதுடு பிலோமி, உள்ள வச்சுக்காத"ன்னேன். "காப்பி போடவா?"ன்னா.

அப்பவே புரிஞ்சுக்கிட்டேன். அழக்கூட முடியாத துக்கம்.

கிறிஸ்துமஸ் குடில் பொம்மைங்களும் போச்சு. மாதா, பாலன், சூசையப்பர், மூணு ராஜா, இடையர், ஆடு, ஒட்டகம். வருஷா வருஷம் முன் வராந்தா பூரா நான் குடில் போடுவேன். மலை, ஓடை, ஒர்க்‌ஷாப் மூளையை வச்சு ஓடுற தண்ணி. ஃபிளாட்ல எங்க போடுறது? எதிர்வீட்டு விசாலம் அம்மா வருஷம் தவறாம வந்து பாப்பாங்க. அவங்களுக்குக் குடுத்துடுறேன்னு பிலோமி சொன்னா. அவங்க பிராமணக் குடும்பம், அவங்க என்ன பண்ணுவாங்கன்னு கேட்டேன். பத்திரமா வச்சுக்குவாங்கன்னா.

சரி, குடி வந்தாச்சு. வந்த புதுசுல எனக்குக் கொஞ்சம் வாயுத் தொல்லை. வேற ஒண்ணும் இல்ல, வாயுதான். சாப்பாடு இறங்கல. கட்டில்ல சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தேன். ஷேவிங் பண்றதுக்கு ஒரு அலுப்பு. சாயங்காலம் கிளம்பி பழைய வீட்டுத் தெருவுக்குப் போய், வாங்குனவங்க கறிவேப்பிலை மரத்துக்குத் தண்ணி ஊத்துறாங்களான்னு பாத்துட்டு வருவேன். ஒருநாள் அவங்க, உள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் போகல. வெளியில நின்னு பாக்குறது வேற, உள்ள போறது வேற. அதுக்கப்புறம் கட்டிலோட கட்டிலாக் கிடந்தேன். பிலோமி பயந்து போய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. அவரு எல்லாம் சோதிச்சுட்டு, உடம்புல ஒண்ணுமில்ல, வெளிய போய் நாலு பேர்கிட்ட பேசுங்கன்னாரு. வாயுவுக்கு இது ஒரு வைத்தியமா? மாத்திரை கூட எழுதல.

இங்கதான் தம்பி வேடிக்கை. அந்த நேரம் பாத்து எல்லார் வீட்லயும் எல்லாம் ரிப்பேர் ஆக ஆரம்பிச்சுது.

முதல்ல விசாலம் அம்மா போன். "அண்ணா, ஒட்டகத்துக்குக் கால் ஆடறது. வந்து பாக்க முடியுமா?" ஒட்டகத்துக்குக் கால் ஒட்டுறதுன்னா சாதாரண ஆள் செய்ய முடியாது. எழுந்து குளிச்சு ஷேவ் பண்ணிட்டுக் கிளம்பினேன். பிலோமி ஒரு டப்பாவைக் கையில குடுத்தா. முதல் நாளே கேக் போட்டு வச்சிருந்தா, முட்டை இல்லாம. ஏன்டி முட்டை போடலன்னு முதல் நாள் கேட்டதுக்கு மறந்துட்டேன்னா. மறுநாள் பாத்தா சைவக்காரங்க வீட்லருந்து போன். எப்படி அமையுது பாருங்க.

அப்புறம் மணப்பாறையிலருந்து ரோஸ்லின். "சித்தப்பா, நூல் அறுந்துக்கிட்டே இருக்கு." போய்ப் பாத்தா ஊசியைத் திருப்பி மாட்டி வச்சிருக்கா. ஊருக்கே ஜாக்கெட் தைக்கிறவ, ஊசியை எந்தப் பக்கம் மாட்டணும்னு தெரியல. என்ன சொல்றது? மாட்டிக் குடுத்து, எண்ணெய் போட்டு, சாப்பிட்டுட்டு வந்தேன். அடுத்த வாரம் பெல்ட் கழண்டு போச்சு. அதுக்கடுத்து பாபின் சுத்தல. "உனக்கு மிஷின் ராசி இல்லம்மா"ன்னேன். "நீங்க வந்து தொட்டாத்தான் அது ஓடுது சித்தப்பா"ன்னு சிரிச்சா. அது உண்மைதான். மிஷினுக்கும் கை தெரியும்.

இதுல பிலோமி மேல எனக்கு ஒரு குறை. போனை வச்சுக்கிட்டு அடுப்படியில குசுகுசுன்னு பேசிட்டே இருப்பா. நான் போனா வச்சிடுவா. யாருன்னா, ராங் நம்பர்னுவா. அவ்வளவு நேரம் ராங் நம்பர்ல என்னத்தைப் பேசுவா? வயசாக ஆக ஆளுங்க இப்படித்தான் ஆயிடுறாங்க. நானும் கண்டுக்கல.

நவராத்திரிக்கு விசாலம் அம்மா கூப்பிட்டாங்க. கொலு வச்சிருக்கோம், வந்து பாருங்கோன்னு. போனா தம்பி, ஆடிப் போயிட்டேன். எங்க மூணு ராஜாவும் கொலுப் படியில செட்டியார் பொம்மை பக்கத்துல நிக்கிறாங்க, அரிசி வாங்க வந்த மாதிரி. இடையர் கிருஷ்ணருக்குப் பக்கத்துல. ஒட்டகத்தைக் கல்யாண ஊர்வலத்துல விட்டிருக்காங்க, அதுவும் மாப்பிள்ளைக்கு முன்னாடி. மாதாவையும் பாலனையும் மட்டும் தனியா ஒரு பீடத்துல வச்சு, அகல் ஏத்தி, மல்லிகை வச்சிருந்தாங்க. அதைப் பாத்ததும் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டேன். சாம்பிராணிப் புகை.

ஆனா ராஜாக்களை அப்படி விட முடியுமா? "விசாலம் அம்மா, அவங்க கிழக்கேருந்து வர்றவங்க. இந்தப் பக்கம் நிக்கணும்"னு சொல்லிட்டு நானே எடுத்து மாத்தி வச்சேன். ராஜாவை மாத்துனா செட்டியார் நகரணும், செட்டியார் நகர்ந்தா தசாவதாரம் நகரணும். சுண்டலுக்கு வந்த பொம்பளைங்க எல்லாம் என்னைச் சுத்தி நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. விசாலம் அம்மா மட்டும், "அண்ணா, வாமனர் நரசிம்மருக்கு முன்னாடி போயிட்டார்"னு ஒரே ஒரு தடவை சொன்னாங்க. நல்ல மனுஷி. ரெண்டு பொட்டலம் சுண்டல் குடுத்து அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்து பிலோமிகிட்ட சொன்னா, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டா. பொம்மைங்களை நினைச்சு அழுறான்னு தெரிஞ்சுது, தோள் குலுங்குச்சு. நான் தொந்தரவு பண்ணல.

இப்படி நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. எனக்கும் வாயு சரியாப் போச்சு. அப்புறம் தீபாவளி முடிஞ்சு ஒரு நாள், பிலோமி கோயில்ல அன்பியக் கூட்டத்துக்கு, அதான் அக்கம்பக்கத்துக்காரங்க ஜெபக் கூட்டத்துக்கு, போயிட்டா. எனக்குப் பொழுது போகல. போன் வர்றதுக்குக் காத்திருப்பானேன், நாமே ஒரு நடை போய் எண்ணெய் போட்டுட்டு வருவோம்னு மணப்பாறைக்கு பஸ் ஏறிட்டேன்.

ரோஸ்லின் வாசல்லயே திகைச்சுப் போய் நின்னா. உள்ள போனா, மிஷின் இருந்த இடத்துல ஒரு புது பவர் மிஷின்.

"எங்கம்மா அது?"

"சித்தப்பா, தீபாவளி நேரத்துல ஜாக்கெட் நிறைய வந்துச்சு. அதுல முடியல. லோன்ல இதை வாங்கிட்டோம்."

"அது எங்கன்னு கேட்டேன்."

"எங்கிட்ட கொக்கி தைக்க வந்துட்டிருந்த ஜெய்த்தூன் அக்காவுக்குக் குடுத்துட்டேன். துவரங்குறிச்சி. அவங்க வீட்டுக்காரர் இறந்து போயிட்டாரு, ரெண்டு பொண்ணுங்க. சித்திகிட்ட கேட்டுட்டுத்தான் குடுத்தேன் சித்தப்பா. சித்தி நல்ல காரியம்னு சொன்னாங்க."

நான் தண்ணி கூடக் குடிக்காம திரும்பிட்டேன். ஃபிளாட்டுக்கு வந்து பாத்தா பிலோமி அப்பத்தான் கூட்டம் முடிஞ்சு வந்து சேலை மடிச்சுட்டு இருக்கா. எங்களுக்குள்ள சத்தம் போட்டுப் பேசுற பழக்கம் கிடையாது தம்பி. அன்னைக்குப் போட்டேன். நாப்பது வருஷம் நம்ம வீட்ல இருந்த பொருளு, முகம் தெரியாதவங்க வீட்டுக்குப் போயிருக்கு, நீ சரின்னு சொல்லியிருக்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலன்னேன். அவ மடிச்ச சேலையை அலமாரியில வச்சா. அப்புறம் திரும்பிக் கேட்டா.

"அது என் மிஷினுங்க. நான் குடுத்தாச்சு. நீங்க எப்பங்க குடுக்கப் போறீங்க?"

என்ன கேள்வி பாருங்க. நான்தானே அதை இறக்கினேன், நான்தானே வண்டியில ஏத்துனேன். ஒரு பக்கம் முழுக்க என் கைதான் பிடிச்சுது. அவ கேட்டதுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு நாள் யோசிச்சுப் பாத்தேன், பிடிபடல.

ஆனா ஒரு முடிவு பண்ணிட்டேன். போய்த் திரும்ப வாங்கிட்டு வந்துடணும். அந்தம்மாவுக்கு வேற ஏதாவது ஏற்பாடு செஞ்சு குடுத்துடலாம். ஃபிளாட்ல எங்க வைக்கிறதுன்னா, என் கட்டிலைத் தூக்கிட்டு நான் கீழ படுத்துக்கிறேன். என்ன கெட்டுப் போச்சு? பிலோமியோட மனசுக்காகத்தான் இவ்வளவும். பாவம், உள்ளுக்குள்ள எவ்வளவு தவிச்சிருப்பா.

ரோஸ்லின்கிட்ட போன்ல தெருப் பேரை மட்டும் கேட்டு வச்சுக்கிட்டு, பிலோமிகிட்ட துவரங்குறிச்சியில ஒரு பழைய சிநேகிதரைப் பாக்கப் போறேன்னு சொன்னேன். "நானும் வர்றேன்"னா. முட்டி வலியோட எதுக்கும்மான்னா, கேக்கல. கிளம்பிட்டா. துவரங்குறிச்சியில இறங்குனதும் அவளை டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சுட்டு, ஒரு லோடு ஆட்டோ பேசி, பள்ளிவாசல் தெரு முனையில வந்து நில்லுங்கன்னு அனுப்பிட்டு வந்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் நடந்தோம். சிநேகிதர் வீடு எதுன்னு நான் தேடுற மாதிரி தேடிக்கிட்டிருக்கேன், அவ நேரா ஒரு வீட்டைக் காட்டி, "இதுதாங்க"ன்னா. எப்படித் தெரியும்னு கேட்டா, பச்சை கேட் போட்ட வீடுன்னு சொன்னாங்கன்னா. யார் சொன்னாங்கன்னு கேக்குறதுக்குள்ள கதவு திறந்துடுச்சு.

வாசல்லயே எனக்கு அடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு தம்பி. மிஷினோட இரும்புக் கால், அந்தப் பூ வேலைப்பாடு எல்லாம் இருக்கிற கால், அதைக் கழட்டி வாசல்ல வச்சு, மேல ஒரு தண்ணி டிரம் ஏத்தி வச்சிருக்காங்க.

ஜெய்த்தூன் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, "வாங்கம்மா, வாங்க ஐயா. நீங்கதான் அந்த எண்ணெய் போடுற ஐயாவா? அம்மா போன்ல சொன்னாங்க"ன்னா. நான் பிலோமியைப் பாத்தேன். அவ உள்ள போயிட்டா.

"மிஷின் எப்படிம்மா இருக்கு?"ன்னேன்.

"ஒரு கோளாறும் இல்லீங்கய்யா. வெண்ணெய் மாதிரி ஓடுது"ன்னா.

உள்ளேயிருந்து பிலோமி லேசா இருமுனா.

"ஆனா நூல் அறுபடுதுங்க"ன்னா உடனே ஜெய்த்தூன். "அப்பப்ப. நீங்கதான் பாக்கணும்."

சின்ன ரூம். ஓரமா ஒரு மேஜை, மேல எங்க மிஷினோட தலை மட்டும். தேக்குப் பலகையைப் பாதியா அறுத்துத் தலையை அதுல பதிச்சிருக்காங்க. பின்னாடி ஒரு குட்டி மோட்டார், கீழ கால்ல அமுக்குற ஸ்விட்ச். உடம்புல யாரோ வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க, சின்னப் பொண்ணா இருக்கும். பக்கத்துல மலை மாதிரி ஸ்கூல் பாவாடை, நீல நிறம். நான் சொல்ல வந்ததை எல்லாம் வரிசையா மனசுல வச்சிருந்தேன். இந்தக் கோலத்துல பாத்ததும் பையிலருந்து எண்ணெய்க் குப்பியைத்தான் எடுத்தேன்.

பிலோமி மிஷினைத் தடவிப் பாத்தா. ஸ்டிக்கர் மேல விரலை வச்சா. சரி, இப்பத்தான் அழப்போறான்னு நான் கைக்குட்டையை எடுத்தேன். அவ திரும்பி, "இதை அமுக்குனாப் போதுமா? மிதிக்கவே வேணாமா?"ன்னு கேக்குறா.

"வேணாம்மா. சும்மா கால் வச்சாப் போதும்."

"நான் ஒரு தையல் போட்டுப் பாக்கட்டுமா?"

ஜெய்த்தூன் ஒரு பாவாடையைக் குடுத்தா. பிலோமி உக்காந்து காலை வச்சா. டர்ர்னு ஓடுச்சு பாருங்க, பதறிப் போய்க் காலை எடுத்துட்டா. எடுத்துட்டுச் சிரிக்கிறா. ஜெய்த்தூனும் சிரிக்கிறா. மறுபடியும் வச்சா, மெதுவா. துணி போகப் போக அவ முதுகு நிமிர்ந்துடுச்சு. ஒரு பாவாடைக்கு அடி மடிச்சுத் தச்சா. அடுத்ததை எடுத்தா. யாரும் குடுக்கல, அவளே எடுத்தா. ஜெய்த்தூன் டீ போட்டுக் கொண்டு வந்து வச்சா, அது ஆறிப் போச்சு. நான் ஒரு ஸ்டூல்ல எண்ணெய்க் குப்பியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பிலோமி அப்படிச் சிரிச்சு நான் பாத்து... சரி, விடுங்க. ரொம்ப நாளாச்சு.

மோட்டார் மாட்டலாம்னு எனக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. ஆயுசு பூரா மோட்டாரோட பொழங்குனவன் நான். முட்டி வலிக்குதுன்னு அவ வாயைத் திறந்து சொல்லியிருந்தா மாட்டிக் குடுத்திருக்க மாட்டேனா? அவ கேக்கல. ஒரு தடவை கேட்டா. அப்ப நான் என்ன சொன்னேன்னா, ஓட்டை போட்டா மிஷினோட லட்சணம் போயிடும், அந்தக் காலத்துப் பொருளு, இப்படி எவனும் செய்யிறது இல்லன்னேன். அது சரிதானே? லட்சணம் போயிடுச்சுல்ல. இன்னைக்கு நீங்க அதைப் பாத்தா, அது ஒரு நல்ல மிஷின்னு சொல்லவே மாட்டீங்க.

அப்ப வாசல்ல ஹார்ன் அடிச்சுது. லோடு ஆட்டோக்காரர். பிலோமி தையலை நிறுத்தல. துணியைப் பாத்துக்கிட்டே, "என்னங்க, அவரைப் போகச் சொல்லிடுங்க. பாவம், வெயில்ல நிக்கிறாரு"ன்னா.

நான் போய்ச் சொல்லிட்டேன். உள்ள வந்து நூல் அறுபடுதான்னு பாத்தேன். அறுபடல. எண்ணெய் ஏற்கனவே போட்டிருந்துச்சு, அதுவும் அளவாத்தான் போட்டிருந்துச்சு. வேற வேலை இல்லாததால வாசலுக்குப் போய், டிரம்முக்குக் கீழ இருந்த கால் ஒரு பக்கம் ஆடிக்கிட்டிருந்துச்சு, அதை மட்டும் இறுக்கிக் குடுத்தேன். தண்ணி பாரம் தாங்கணும்ல. புள்ளைங்க நடமாடுற இடம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வர்றப்ப கேட்டேன், எப்படி இருந்துச்சுன்னு. சேலையில ஒட்டியிருந்த நூலை ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டா. அப்புறம், "என் மிஷின் மாதிரியே இல்லீங்க. நல்லா இருந்துச்சு"ன்னா.

இதுல எது முதல்ல, எது ரெண்டாவதுன்னு எனக்குப் புரியல. அவ மிஷின் மாதிரி இல்லன்னா எப்படி நல்லா இருக்கும்? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, உங்களுக்குப் புரியுதா? சரி, விடுங்க.

இப்ப புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. ஜெய்த்தூனுக்குக் காலர் சரியா வரலையாம். சட்டை தைக்கத் தெரிஞ்சாத்தான் ஸ்கூல் ஆர்டர் முழுசாக் கிடைக்குமாம். வாரா வாரம் வியாழக்கிழமை வந்து சொல்லித் தர்றேன்னு பிலோமி வாக்குக் குடுத்துட்டா. எங்கிட்ட கேக்கல. முட்டி என்ன ஆகுறதுன்னு கேட்டா, பஸ்ல உக்காந்துதானே போறேன்னா. சரி, துணைக்கு நானும் வர்றேன்னேன். வேணாங்க, அது சின்ன ரூமு, பொம்பளைங்க இருக்கிற இடம், நீங்க உக்காந்திருந்தா அதுங்க சிரிக்க முடியாதுன்னா. அப்ப நான் என்ன பண்றது அன்னைக்குன்னு கேட்டேன்.

"சோறு வடிச்சு வைங்க"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. பஸ் வந்துடுச்சு, ஏறிட்டா. அப்பவே கேட்டுருக்கணும், கேட்டா சிரிப்பா. அதோ, பஞ்சப்பூர் தாண்டிட்டோம் போல, எந்திரிச்சுக் கம்பியைப் பிடிச்சுட்டா பாருங்க. நான் பிடிக்காம இறங்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு.

தம்பி, இறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. அரிசி ஒரு ஆளுக்கு எவ்வளவு போடணும்? இல்ல, ரெண்டு பேருக்குன்னே சொல்லுங்க. அவ பசியோட வருவா.